பிளாட்டினம் சுரங்கத்துல 3 நாள் இண்டக்ஷன்: உட்காரணுமா, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாமா?

நெய்வேலி_நரேன் | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவுக்கு, ஜோபர்க் வந்து ஒன்பது நாள் ஆச்சு. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டெக்னீஷியன். ரஸ்டன்பர்க் பக்கத்துல ஒரு பிளாட்டினம் சுரங்கம். நிலத்தடியில கன்வேயர் பெல்ட்டுக்கு சென்சார் மாட்டுற வேலை, நாலு மாசம். சுரங்கம் ஒரு பெரிய கம்பெனிக்கு வேலையைக் குடுத்திருக்கு, அவங்க எங்க ஓனருக்குக் குடுத்திருக்காங்க, ஓனர் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கார். ஆக நான் மூணாவது படி.

வர்ற வாரம் ஒரு நாள் மெடிக்கல், அதுக்கப்புறம் மூணு நாள் இண்டக்ஷன் (உள்ள இறங்கறதுக்கு முன்னாடி பாதுகாப்பு வகுப்பு), கடைசி நாள் பரீட்சை. ஓனர் சொல்றார்: "வகுப்புல தூங்காம உட்கார்ந்திரு, போதும். கேள்வி எப்பவும் அதேதான். விடையை வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்." கூடவே, மெடிக்கல் செலவும் பூட்ஸ் ஹெல்மெட் காசும் முதல் சம்பளத்துல பிடிச்சுக்குவாராம்.

நெய்வேலி மைன்ஸ்ல ஒன்பது வருஷம் இருந்தவன் நான். விடிசி (சுரங்கத் தொழிற்பயிற்சி மையம்) பயிற்சி முடிச்ச சர்டிபிகேட் இருக்கு. அடைமழையில பக்கெட் வீல் மேல ஏறி வேலை பார்த்திருக்கேன். ஆனா அங்க தலைக்கு மேல வானம். இங்க எப்படின்னு தெரியல. வகுப்பு வேற பாதி இங்கிலீஷ், பாதி இந்தப் பக்கத்து பாஷை செட்ஸ்வானாவுல நடக்குமாம். இதெல்லாம் சும்மா சம்பிரதாயமா, இல்ல விஷயம் இருக்கா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

---

விட்பேங்க்_வேலு | திங்கள், இரவு 10:25

தம்பி, நானே சின்னதா குத்தகை எடுத்துச் செய்றவன், 22 வருஷமா. திட்டினாலும் பரவாயில்ல, உள்ளதைச் சொல்றேன்.

எங்கிட்ட ஆறு பேர் இருக்காங்க. மூணு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பறேன். மூணும் எமலாலேனியைச் சுத்தி, ஒன்னுக்கொன்னு அரை மணி நேர வண்டி ஓட்டம். ஆனா மூணு இண்டக்ஷன், மூணு மெடிக்கல், மூணு கார்டு. ஒருத்தன் லீவுக்குப் போயிட்டு வந்தா மறுபடியும் ஒன்னு. புகை வந்தா எங்க போகணும்னு என் வெல்டருக்கு வருஷத்துக்கு நாலு தரம் சொல்லிக் குடுக்கறாங்க. அந்த நாளுக்கெல்லாம் கூலி என் பையிலிருந்து போகுது. காலையில எட்டு மணிக்கு வீடியோவைப் போட்டுட்டு ஆசிரியரே வெளிய போயிடுவார். விடைத்தாள் சுத்தறதும் உண்மை. மறைக்கிறதுக்கு ஒன்னுமில்ல.

போய் உட்காரு, கார்டு வாங்கு, வேலையைப் பாரு. நிஜப் பாடம் கீழ இறங்கின பிறகுதான், உன்கூட வர்ற பழைய ஆள்கிட்ட.

---

செக்குண்டா_செல்வி | செவ்வாய், காலை 6:10

வேலு அண்ணே, காலங்காத்தால ரத்தக்கொதிப்பை ஏத்திட்டீங்க. அந்த வகுப்பு எடுக்கறவதான் நான். ஏழு வருஷமா.

நரேன், முதல்ல ஒரு விஷயம். "நான் மூணாவது படி"ன்னு எழுதியிருக்கீங்க. இந்த ஊர் சட்டத்துல படியே கிடையாது. 1996-ல வந்த சுரங்க உடல்நல, பாதுகாப்புச் சட்டம் 'எம்ப்ளாயி'ங்கிற சொல்லுக்குக் குடுக்கிற பொருள்: சுரங்கத்துல வேலைக்கு வெச்சவங்க மட்டுமில்ல, அங்க வேலை செய்ற யாரா இருந்தாலும். சம்பளச் சீட்டுல எந்தக் கம்பெனி பேர் இருக்குங்கிறது பேச்சே இல்ல. செக்ஷன் 10 சொல்றது இன்னும் தெளிவு: வேலையில இருக்கிற ஆபத்து, அதை எப்படித் தடுக்கிறது, அவசரம் வந்தா என்ன செய்றது, இதெல்லாம் அவன் முதல் தடவை வேலையைத் தொடறதுக்கு முன்னாடியே கத்துக் குடுத்திருக்கணும். இயந்திரம் மாறினாலும், முறை மாறினாலும், அவனோட வேலை மாறினாலும் மறுபடியும். இது சுரங்கம் உங்களுக்குப் பட்டிருக்கிற கடன்.

இப்ப விடைத்தாள் விஷயம். பரீட்சை முடிஞ்சதும் "பயிற்சி பெற்றேன், புரிந்தது"ன்னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்குவாங்க. அந்தத் தாள் யாரைக் காப்பாத்தும்னு நினைக்கறீங்க? உங்களுக்கு ஒன்னு ஆனா, விசாரணையில முதல்ல மேசைக்கு வர்றது அதுதான். "சொல்லிக் குடுத்தோம், புரிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்திருக்கான்." வாட்ஸ்அப்ல விடை அனுப்பினவர் அன்னிக்கு பக்கத்துல இருக்க மாட்டார்.

மூணு நாள்ல வேற எதுல தூங்கினாலும் தூங்குங்க, செல்ஃப் ரெஸ்க்யூவர் வகுப்புல தூங்காதீங்க. இடுப்புல மாட்டிவிடற டப்பா அது. உள்ள பொட்டாசியம் சூப்பராக்சைடு. நீங்க விடற மூச்சுல இருக்கிற ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் பட்டு அது ஆக்ஸிஜனா மாறும். படிக்கச் சுலபமா இருக்கும். வாயில வெச்சா என்ன ஆகும்னா, காத்து சூடாகும். வாய் வறண்டு, ருசி கண்றாவியா இருக்கும். இழுக்கவே கஷ்டமா இருக்கும். தெரியாதவன் "இது கெட்டுப் போச்சு"ன்னு துப்பிடுவான். சூடாகுதுன்னாதான் அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்! ஒரு வார்த்தை பேசறதுக்காக வாயிலிருந்து எடுத்தவனும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ரெண்டாவது வாய்ப்பும் குடுக்காது. அரை மணி நேர டப்பான்னா நிதானமா நடக்கிறவனுக்குத்தான் அரை மணி. ஓடினா, பதறினா, அதுக்கு முன்னாடியே தீரும்.

இது எந்த விடைத்தாள்லயும் 'ஆ', 'இ' னு டிக் அடிச்சு வராது. கண்ணைக் கட்டிக்கிட்டு, அந்தப் பயிற்சி டப்பாவை வாயில வெச்சு, பத்து தரம் மாட்டிப் பார்த்தாதான் வரும்.

---

விட்பேங்க்_வேலு | செவ்வாய், மதியம் 1:15

டப்பா வகுப்பு வேண்டாம்னு நான் எங்கம்மா சொன்னேன்? என் வெல்டர் மூணு இடத்துலயும் அதே டப்பாவைத்தான் மாட்டிக் காட்டறான். ஒரு இடத்து கார்டை இன்னொரு இடம் ஏத்துக்கிட்டா என்ன கேடு? அதுக்குப் பதில் சொல்லு.

---

செக்குண்டா_செல்வி | செவ்வாய், மதியம் 1:50

பாதி நியாயம் உங்க பக்கம்தான். டப்பா மாட்டறது, பூட்டுப் போட்டு மின்சாரத்தைத் துண்டிக்கிறது, இதெல்லாம் எங்கயும் ஒன்னுதான். அதைப் பொதுவா வெச்சா என்னன்னு நானே கூட்டத்துல கேட்டுப் பார்த்தாச்சு. ஆனா உங்க வெல்டருக்கு ஒவ்வொரு சுரங்கத்துலயும் ரெஃப்யூஜ் பே (புகை வந்தா ஒதுங்கற அறை) எந்தப் பக்கம் இருக்கு, எந்தக் காத்து எந்த வழியா வருது, அங்க ஓடற வண்டிக்கு எச்சரிக்கைச் சத்தம் எப்படின்னு தெரியணும்ல? அது மூணு இடத்துலயும் வேற. வெல்டர்னு சொன்னதால கேக்கறேன், கின்ராஸ் கேள்விப்பட்டிருப்பீங்களே? 1986 செப்டம்பர் 16. தங்கச் சுரங்கத்துல வெல்டிங் பண்ணும்போது பத்தின தீ. சுவர்ல பூசியிருந்த பாலியூரித்தேன் நுரை எரிஞ்சு, அந்த நச்சுப் புகையில 177 பேர். தீ இருந்த இடத்துல இருந்தவங்க இல்ல அதுல பெரும்பாலானவங்க. புகை காத்தோட போய்த் தேடிப் பிடிச்சது.

---

நிர்வாகி | செவ்வாய், மாலை 4:00

கம்பெனி பேர் போட்டு வந்த ரெண்டு பதிவை எடுத்திருக்கேன். விஷயத்தைப் பேசுங்க, பேர் வேண்டாம்.

---

சாட்ஸ்வொர்த்_சின்னத்தம்பி | செவ்வாய், இரவு 8:30

என் தமிழ்ல தப்பு இருந்தா மன்னிக்கணும், சனிக்கிழமை பள்ளிக்கூடத்துல கத்துக்கினு வந்த தமிழ். நடுவுல பூந்து பேசறேன்.

எங்க தாத்தாவோட அப்பா கரும்புக்குன்னு கப்பல்ல வந்தவர். அப்புறம் டண்டீ பக்கம் நிலக்கரிக் குழிக்குப் போய்ட்டார். நேட்டால் நிலக்கரிச் சுரங்கத்துல நம்ம ஆளுங்க நிறைய பேர் இருந்தாங்கன்றது இப்ப இங்க இருக்கிற பசங்களுக்கே தெரியாது. 1913-ல மூணு பவுண்டு தலைவரிக்கு எதிரா வேலைநிறுத்தம் எங்க ஆரம்பிச்சது? நியூகாசல் நிலக்கரிச் சுரங்கத்துல. டிரான்ஸ்வால்லேர்ந்து வந்த தமிழ்ப் பொம்பளைங்க லைன் வீடு லைன் வீடா போய்ப் பேசி ஆளுங்களை வெளிய கொண்டாந்தாங்க.

தாத்தா சொல்லுவார், அவங்க அப்பாவுக்கு யாரும் ஒன்னும் கத்துக்குடுக்கலை. கையில விளக்கு குடுத்து உள்ள தள்ளிட்டாங்க. கத்துக்கினது ஃபனகலோ மட்டும்தான். ஜூலு, இங்கிலீஷ், ஆப்ரிகான்ஸ் கலந்து கட்டின பாஷை. கங்காணியும் அதுதான், கூலியும் அதுதான். கரும்புத் தோட்டத்துல நம்ம ஆளுங்கதான் அதை உண்டாக்கினாங்கன்னு ரொம்ப நாள் சொல்லிக்கினு இருந்தாங்க. கேப்டவுன் பல்கலைக்கழகத்து ராஜேந்த் மெஸ்த்ரி ஆராய்ஞ்சு, அது நம்ம கப்பல் வர்றதுக்கு முன்னாடியே இருந்ததுன்னு காட்டிட்டார். போவட்டும், பெருமை போனாலும் பாஷை இருக்குது.

நரேன் தம்பிக்கு ஒன்னு சொல்றேன். மூணு வார்த்தை மனப்பாடம் பண்ணிக்கோ. 'இங்கோசி'ன்னா ஆபத்து. 'பலேக்கா'ன்னா ஓடு. 'இமா'ன்னா நில்லு. ரஸ்டன்பர்க்ல செட்ஸ்வானா, அங்க 'எமா'ம்பாங்க. ஞாபகம் வெச்சுக்கறது சுலபம்: எமன் வர்றதுக்கு முன்னால எமா!

---

நெய்வேலி_நரேன் | செவ்வாய், இரவு 9:05

ஹா ஹா அண்ணே, இது மறக்காது.

செல்வி அக்கா, ரொம்ப நன்றி. மெடிக்கல் பத்தியும் யாராவது சொல்லுங்க. ஏதோ சூட்டு அறையில ஏறி இறங்கச் சொல்வாங்களாம், ஃபெயிலானா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு ரூம்ல இருக்கிற பையன் பயமுறுத்தறான். எனக்கு லேசா பிரஷர் உண்டு. மாத்திரையை ரெண்டு நாள் முன்னாடி நிறுத்திட்டா தெரியாதுன்னு சொல்றான்.

---

யாழ்_டொக்டர் | செவ்வாய், இரவு 11:20

தம்பி, தயவுசெய்து மாத்திரையை நிப்பாட்டாதேங்கோ. நான் இந்தப் பக்கம் தொழில்நல கிளினிக் ஒண்டில வேலை செய்யிறன். பிரஷர் மாத்திரை எடுக்கிறவர் கட்டுப்பாட்டில இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மாத்திரையை நிப்பாட்டிப் போட்டு 170-இல வந்து இருக்கிறவருக்குத்தான் நாங்கள் கையெழுத்துப் போட ஏலாது. கனபேர் இந்தப் பிழையை விடுகினம்.

இங்க பழைய ஆக்கள் அந்தத் தகுதிச் சான்றிதழை ரெட் டிக்கெட் எண்டு சொல்லுவினம். நெஞ்சு எக்ஸ்ரே, நுரையீரல் ஊதிப் பாக்கிறது, கண், காது, பிரஷர், சீனி. வெக்கை அறை எண்டது வெப்பத்தைத் தாங்கிற சோதனை. ஈரமும் வெக்கையுமான அறைக்குள்ள அரை மணித்தியாலம் ஒரு படியில ஏறி இறங்க வேணும். உடம்புச் சூடு எவ்வளவு ஏறுது எண்டு பாப்பினம். எல்லாருக்கும் இல்லை, சூடான இடத்துக்குப் போறவைக்குத்தான். பிளாட்டினம் இருக்கிற பாறை, தங்கம் இருக்கிற பாறையை விடக் கெதியாச் சூடேறும். அதாலை கார்லெட்டன்வில் தங்கச் சுரங்கத்தில மூண்டு கிலோமீற்றர் கீழ போனால் வாற சூடு, உங்கடை பக்கம் ரெண்டிலயே வந்திடும். அந்தச் சோதனை உங்களைத் தோற்கடிக்கிறதுக்கு இல்லை. மயங்கி விழுறதெண்டால் கிளினிக்கிலயே விழட்டும், எங்கடை கைக்கு எட்டின தூரத்தில.

காது விசயம் முக்கியம். முதல் சோதனைதான் உங்கடை அடிப்படை அளவு. பிறகு காது கேக்காமல் போனால் எவ்வளவு போனது எண்டு அதோட ஒப்பிட்டுத்தான் கணக்கு. முதல் நாள் இரவு ஹெட்ஃபோனில சத்தமாப் பாட்டுக் கேட்டுப்போட்டு வராதேங்கோ. 16 மணித்தியாலம் சத்தமில்லாமல் இருந்துபோட்டு வந்தால்தான் சரியான கணக்கு வரும். அதே மாதிரி, நாலு மாசம் முடிஞ்சு போகேக்குள்ள எக்ஸிட் மெடிக்கல் செய்து அந்தச் சான்றிதழைக் கையோட கொண்டு போங்கோ. செல்வி சொன்ன அதே சட்டத்தில செக்ஷன் 17. குத்தகை ஆக்கள் அரைவாசிப் பேர் அதை எடுக்காமல் பிளேன் ஏறுகினம். பத்து வருசத்தால இருமல் வந்தால் ஊரில இருக்கிற டொக்டருக்குக் காட்ட ஒரு துண்டும் இராது. தங்கச் சுரங்க ஆக்களின்ர சிலிக்கோசிஸ் (கல்தூசியால வாற நுரையீரல் வருத்தம்) வழக்கு 2018-இல தீர்வுக்கு வந்தது. அதில இழப்பீட்டுக்கு வாற கிழவர்கள் எத்தினை பேர் பழைய பேப்பர் தேடி அலைஞ்சவை எண்டு பாத்தவன் நான்.

கடைசியா, மெடிக்கல் காசும் பூட்ஸ் காசும் சம்பளத்தில பிடிக்கிறதெண்டு சொன்னியள். அது செக்ஷன் 24-க்கு எதிர். பாதுகாப்புக்காகச் சட்டப்படி குடுக்க வேண்டிய எதுக்கும் வேலையாளிட்டை ஒரு சதமும் பிடிக்க ஏலாது. வேலு அண்ணைக்கும் இது தெரியும்.

---

விட்பேங்க்_வேலு | புதன், காலை 5:45

தெரியும் டாக்டர். நான் பிடிக்கிறதில்ல. பிடிக்கிறவங்க இருக்காங்க. ஏலத்துல ஒருத்தன் என்னைவிட எப்படிக் குறைச்சுப் போடறான்னு நினைக்கறீங்க? அங்கதான்.

---

பாறைத்தச்சன் | புதன், இரவு 7:30

பேசாம படிச்சுட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். 14 வருஷம் கார்லெட்டன்வில்ல தங்கம், இப்ப இந்தப் பக்கம் பிளாட்டினம். பாறை உறுதி பார்க்கிறது என் வேலை.

நரேன், நீங்க பெல்ட் பக்கம்தான் இருப்பீங்க, ஆனாலும் கூரையைப் பார்க்கப் பழகுங்க. காலையில உங்களை உள்ள விடறதுக்கு முன்னாடி நீளக் கடப்பாரையால கூரையைத் தட்டிப் பார்ப்பாங்க. சந்தையில பானை வாங்கும்போது நம்ம பாட்டிமார் சுண்டிப் பார்ப்பாங்களே, அதேதான். கெட்டியா இருந்தா கணீர்னு இருக்கும். உள்ள கழண்டிருந்தா 'டொப்'னு ஓட்டைப் பானைச் சத்தம். அந்தச் சத்தத்தை வகுப்புல ஒரு தரமாவது கேட்டு வெச்சுக்கங்க. அதே மாதிரி 'மடாலா'ன்னு எழுதிக் கட்டி அடைச்சிருக்கிற பக்கம் தலை வெச்சும் படுக்காதீங்க. கிழவன்னு அர்த்தம். வேலை முடிஞ்சு விட்ட பழைய இடம், காத்தும் போகாது, தாங்கலும் இருக்காது.

இப்ப யாரும் சொல்லாத ஒன்னு. வகுப்புல செக்ஷன் 23 சொல்லிக் குடுப்பாங்க. நியாயமான காரணத்தோட பெரிய ஆபத்துன்னு உங்களுக்குத் தோணினா வேலை இடத்தை விட்டு வெளிய வர உங்களுக்கு உரிமை இருக்கு. சில இடத்துல அட்டையா அச்சடிச்சு பாக்கெட்ல போட்டுக்கச் சொல்வாங்க. நல்ல சட்டம். அதைப் பயன்படுத்தினதுக்காக யாரையும் பழிவாங்கக் கூடாதுன்னு செக்ஷன் 83-ம் இருக்கு.

நான் பார்த்தது ஒன்னு சொல்றேன். ஒரு சுரங்கம், ஒரு குத்தகைக் குழு. அதுல ஒரு சின்னப் பையன், ஃபிட்டருக்கு உதவி. தாங்கல் போடாத கூரைக்குக் கீழ போய் ஒரு பைப்பைக் கழட்டிட்டு வரச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டான். இண்டக்ஷன் முடிஞ்சு பத்து நாள்தான் ஆகியிருந்தது, அட்டையை எடுத்துக் காட்டினான். மேஸ்திரி ஒன்னும் சொல்லலை. என்னைக் கூப்பிட்டாங்க, போய்ப் பார்த்தேன், பையன் சொன்னது சரி. தாங்கல் போட்டு வேலை நடந்தது. எல்லாரும் தோள்ல தட்டினாங்க. அடுத்த மாசம் புது வேலைக்குப் பேர்ப் பட்டியல் வந்தது. அவன் பேர் இல்ல. ஏன்னு எந்தத் தாள்லயும் எழுதியிருக்காது. செக்ஷன் 83-ஐ எதைக் காட்டி நிரூபிப்பான்?

சுரங்கத்தோட நேரடி ஆளுக்கு யூனியன் இருக்கு. மூணாவது படிக்காரனுக்கு விசாவே ஓனர் கையில. இதை வகுப்புல எந்த ஸ்லைடுலயும் போட மாட்டாங்க.

---

செக்குண்டா_செல்வி | புதன், இரவு 8:15

போட மாட்டோம். ஒத்துக்கறேன். நான் வகுப்புல அந்த அட்டையைக் குடுக்கும்போது பின்வரிசையில உட்கார்ந்திருக்கிற குத்தகை ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிறது எனக்கும் தெரியும்.

ஆனாலும் கேளுங்க. 1993-ல இந்த நாட்டுச் சுரங்கங்கள்ல 615 பேர் செத்தாங்க. 2024-ல 42. ஆளுங்களோட எண்ணிக்கை குறைஞ்சதும் ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்ல. நடுவுல சுரங்கப் பாதுகாப்பை விசாரிச்ச லியான் ஆணையம், அந்தச் சட்டம், 54-ம் செக்ஷன்ல இன்ஸ்பெக்டர் வந்து சுரங்கத்தையே நிறுத்தற அதிகாரம் எல்லாம் வந்தது. அந்தப் பையன் மாட்டேன்னு சொன்னதால பைப் கழட்டப் போன இன்னொருத்தன் உயிரோட இருக்கான். பேர்ப் பட்டியல்ல விட்டுட்டது அநியாயம், அதுக்காக அவன் கீழ போயிருக்கணுமா?

---

பாறைத்தச்சன் | புதன், இரவு 8:40

போயிருக்கணும்னு சொல்லலை. தனியா சொல்லாதீங்கன்னு சொல்றேன். நரேன், முதல் நாளே அந்த இடத்து பாதுகாப்புப் பிரதிநிதி யார்னு கேட்டுப் பேர், ஃபோன் நம்பர் வாங்கிக்கங்க. தொழிலாளிங்களே தேர்ந்தெடுத்த ஆள் அவர். ஆபத்துன்னு தோணினா முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அவர் சொன்னாலும் வெளிய வரலாம், அதுவும் அதே செக்ஷன்தான். வேலை இடத்துப் புத்தகத்துல நேரம் போட்டு எழுத வைங்க. எழுதினதுக்குப் பிறகு உங்க பேரை விடணும்னா ஓனர் ரெண்டு தரம் யோசிப்பார். எழுதாதவனை ஒரு தரம்கூட யோசிக்க மாட்டார்.

---

சாட்ஸ்வொர்த்_சின்னத்தம்பி | புதன், இரவு 9:10

எங்க பாட்டனுக்கு இப்படிச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தா...

---

விட்பேங்க்_வேலு | வியாழன், காலை 6:00

தச்சன் சொன்னதைத்தான் நானும் என் ஆளுங்ககிட்ட சொல்றது: புத்தகத்துல எழுது. அதுக்கு எழுதப் படிக்க வரணும், இங்கிலீஷ்ல. இருக்கிறதிலேயே பெரிய கஷ்டம் அதுதான். சுரங்கத்துல ஃபனகலோ வேண்டாம், அது எஜமான்-கூலி பாஷைன்னு யூனியன் பல வருஷமா சொல்றாங்க. சரிதான். ஆனா அதை எடுத்துட்டு அந்த இடத்துல முப்பது பக்க இங்கிலீஷ் ஸ்லைடை வெச்சா என் வெல்டருக்கு என்ன லாபம்? நரேன், வகுப்புல புரியலைன்னா கை தூக்கி "மொழி புரியல"ன்னு சொல்லு. மொழிபெயர்க்க ஆள் கேளு. பரீட்சையை வாயால எழுதவும் கேக்கலாம். வெக்கப்படாத. திங்கக்கிழமை நான் எழுதினதுல பாதியை மறந்துடு.

---

நெய்வேலி_நரேன் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:30

எல்லாருக்கும் வணக்கம். உயிரோட இருக்கேன்.

மெடிக்கல் தேறிட்டேன். மாத்திரை போட்டுக்கிட்டேதான் போனேன் டாக்டர், 134. சூட்டு அறையில இருபதாவது நிமிஷம் அம்மா ஞாபகம் வந்துடுச்சு, அவ்வளவுதான்.

வகுப்புல முதல் நாள் பாதி புரியல. வேலு அண்ணன் சொன்ன மாதிரி கை தூக்கினேன். பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க. அப்புறம் அந்த ரெண்டு பேரும் இடைவேளையில வந்து, அவங்களுக்கும் இங்கிலீஷ் பகுதி புரியல, நீ கேட்டது நல்லதாப் போச்சுன்னாங்க. ஒருத்தர் லெசோத்தோ, ஒருத்தர் மொசாம்பிக். ஆசிரியர் அதுக்கப்புறம் வீடியோவை நிறுத்தி நிறுத்தி சொன்னார்.

டப்பாவை ஏழு தரம் மாட்டினேன். முதல் தரம் 1 நிமிஷம் 50 நொடி. பொணம்னாங்க. கடைசித் தரம் 25 நொடி. புகை அறையில கண்ணே தெரியாம சுவர்ல கட்டின கயித்தைப் பிடிச்சுப் போகணும். கயித்துல கூம்பு மாதிரி கோத்திருக்கு. கை வழுக்கிட்டுப் போனா சரியான திசை, முட்டினா திரும்பணும். நான் ஒரு தரம் தப்பாப் போனேன். நெய்வேலி ஒன்பது வருஷத்துல இதெல்லாம் நான் பார்த்ததே இல்ல.

விடை வாட்ஸ்அப்ல வந்தது. நாலு கேள்வி மாறியிருந்தது, அதனால அது உதவியும் இருக்காது. ஓனர்கிட்ட செக்ஷன் 24 பத்திக் கேட்டேன். யார் சொன்னாங்கன்னு கேட்டார். வகுப்புல சொன்னாங்கன்னேன். பொய்தான். பூட்ஸ் காசு பிடிக்க மாட்டாராம், மெடிக்கலுக்கு "பார்க்கலாம்"கிறார். பிரதிநிதி அக்காவோட நம்பர் வாங்கி வெச்சிருக்கேன்.

வெள்ளிக்கிழமை முதல் தடவை கீழ இறங்கினேன். கூண்டுல என் பக்கத்துல இருந்தவர் கண்ணை மூடிட்டு ஏதோ முணுமுணுத்தார், 2023 நவம்பர்ல இந்தப் பக்கத்துல கூண்டு அறுந்த மாதிரி இறங்கி 13 பேர் போனது பத்தி அப்புறம் சொன்னார். கீழ போய்ப் பெல்ட் பக்கம் நடக்கும்போது பின்னாலேருந்து "எமா!"ன்னு ஒரு சத்தம். கால் தானா நின்னுடுச்சு. வளைவுலேருந்து லோகோ (சுரங்க ரயில் எஞ்சின்) ஒன்னு, எனக்கு முன்னாடி ரெண்டு கை தூரத்துல போச்சு. காதடைப்பான் போட்டிருந்ததால எனக்கு அது வந்ததே கேக்கலை.

சின்னத்தம்பி அண்ணே, டர்பன் வந்தா உங்க வீட்டுல சாப்பாடு.

---

சாட்ஸ்வொர்த்_சின்னத்தம்பி | ஞாயிறு, மாலை 6:05

பிரட்டுக்குள்ள மட்டன் ஊத்தி பன்னி சௌ வாங்கித் தர்றேன். வா தம்பி.